அனைவரும் வீடு திரும்பினர்

இந்த வீட்டிலும் அதே வாக்கியம் வந்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை, "சிறிய கசிவுதான், உடனே சரிசெய்யப்பட்டது, அனைவரும் நலமாக வீடு திரும்பினர்" என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள், நான் கையிலிருந்த போனில் 'நினைவில் இருக்கிறது' என்ற கட்டத்தைத் தொட்டேன், கட்டம் பச்சையானது, அதற்கு மேலே இருந்ததும் பச்சை, அதற்கும் மேலே பச்சை, தெரு முழுக்க இப்படியே போனால் சாயங்காலம் ராகவேந்திரன் சார் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அந்த வாக்கியம் நான் எழுதியது. சென்னையில், எங்கள் அலுவலகத்தில், ஏசி குளிரில் துப்பட்டாவைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுதியது. முதலில் 'யாருக்கும் பாதிப்பு இல்லை' என்றுதான் எழுதினேன், பிறகு அடித்தேன், ஏனென்றால் இல்லை என்று சொன்னாலும் படிக்கிறவர் மனதில் பாதிப்பு என்ற சொல்தான் போய் உட்காரும், கெட்ட சொல்லை மறுப்பதற்காகக்கூட உள்ளே விடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி, அதனால் வேறு சொல் தேடினேன், பாதுகாப்பு, நலம், இயல்பு நிலை, எதுவும் ஒட்டவில்லை, பிறகு வீடு என்ற சொல் கிடைத்தது. வீடு. அது கிடைத்ததும் மற்றவையெல்லாம் தானாக வந்து வரிசையில் நின்றன. வீடு திரும்பினர். விளக்கு எரிகிறது, சோறு காத்திருக்கிறது, குழந்தை ஓடி வருகிறது, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது, படிக்கிறவர் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார். "ரேணுகா, இது தங்கம்" என்றார் ராகவேந்திரன் சார். அவர்தான் எங்கள் மக்கள் தொடர்பு நிறுவனத்தை நடத்துகிறவர், நான் அவரிடம் சேர்ந்தபோது அவருக்குத் தலை நரைக்கவில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது திரும்பினர் என்ற சொல் காலில் முள்ளாகத் தைத்தது. யார் பேசும்போது திரும்பினர் என்கிறார்கள்? நான் சொல்வேனா? என் கணவர் ஆபீஸிலிருந்து வந்தால் 'வந்துட்டார்' என்றுதானே சொல்வேன், இந்தக் கடற்கரை ஊரில் 'வந்துட்டாவ' என்பார்கள், காலையில் பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரர் 'எங்கேருந்து வாறீய' என்று கேட்டார், ஆட்டோக்காரர் 'இறங்குங்க யக்கா, இதான் கம்பெனித் தெரு' என்றார், தண்ணீர் கேட்ட வீட்டில் 'இந்தா கொண்டாறேன்' என்றாள் அந்தப் பெண், அதே பெண், சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நான் கேள்வியைக் கேட்டதும், முதுகை நிமிர்த்தி, கண்ணை என் தோளுக்கு மேலே எங்கேயோ வைத்துக்கொண்டு, அனைவரும் நலமாக வீடு திரும்பினர் என்றாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கும் முகம். சொல்லி முடித்ததும் முகம் பழையபடி தளர்ந்தது, "வெயிலா இருக்கு, கொஞ்சம் நின்னுட்டுப் போங்க" என்றாள். இரண்டு பேர் மாறி மாறிப் பேசியதைப் போல இருந்தது. அப்போதுதான் உள்ளே யாரோ இருமினார்கள். சாதாரண இருமல் இல்லை, ஈரத் துணியைக் கிழிப்பதைப் போல ஒன்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க என் போனில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

நான் இந்த வெயிலில் வந்திருக்கவே வேண்டாம், கருத்துக் கேட்பதற்கு நாங்கள் கல்லூரிப் பிள்ளைகளைத்தான் அனுப்புவோம், இந்த முறை வருவதாகச் சொன்ன இரண்டு பெண்களும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள், கடல்முத்து கம்பெனியின் புது டைரக்டர் நாளைக்கே கணக்கு வேண்டும் என்கிறார். கடல்முத்து இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனி, கம்பெனியின் குளிர்பதன அறையில் அமோனியாக் குழாய் விரிசல் விட்டுப்போன அன்றைக்கு நாங்கள்தான் செய்தியைக் கையாண்டோம், எல்லாப் பத்திரிகையிலும் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பத்தி, அதோடு அடங்கிப்போனது. அதுதான் இப்போது சிக்கல். டைரக்டர் புது ஆள், விரலில் ஏதோ ஒரு ராசிக்கல், கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார், "வருஷா வருஷம் உங்களுக்குக் கொடுக்கறோம். என்ன கிடைச்சுது? விளம்பரம் போட்டா இறால் விக்குது, லாரி வாங்கினா இறால் போகுது. உங்களால என்ன ஆச்சு?" நான் சேர்ந்த புதிதில் என்றால் பதில் சுலபம், பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டி எடுத்து அடிக்கோலால் நீளம் அகலம் அளந்து, அதே இடத்தில் விளம்பரம் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் எங்கள் மதிப்பு என்று காட்டிவிடுவோம். இப்போது அதைக் காட்டினால் சிரிப்பார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது, நினைவிருப்பவர்களில் எத்தனை பேர் நம் வாக்கியத்தையே திருப்பிச் சொல்கிறார்கள், அதுதான் இப்போதைய அளவு. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது வேறு, சொல்லவில்லை, வராத செய்தியை எதை வைத்து அளப்பது? அந்தச் சின்னப் பத்திக்கு அடுத்த நாள் பெரிய பத்தி வரவில்லையே, அதற்கு அடுத்த நாள் போட்டோ வரவில்லையே, வராமல் கிடந்த அந்த வெள்ளைத் தாள் எத்தனை அங்குலம்? அவர் கொடுப்பது நாங்கள் எழுதியதற்கா, எழுதாமல் விட்டதற்கா? இந்த நினைப்பு வந்ததும் காபி கசந்தது, கப்பை வைத்துவிட்டேன்.

தெரு நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது, கடல் தெரியவில்லை, கம்பெனிச் சுவர்தான் தெரிகிறது, சுவருக்குப் பின்னால் கடல் இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் நம்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டு வீடுகள், கதவுகள் பாதி திறந்து. நான் ஒரு வீட்டை நெருங்கும்போதே உள்ளேயிருந்து ஒரு ஆள் வாசலுக்கு வந்துவிடுகிறார், நான் கதவைத் தட்ட வேண்டியதே இல்லை, முதலில் மரியாதை என்று நினைத்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை, வீட்டுக்குள்ளே நான் நுழைந்துவிடாமல் நிற்கிறார்களோ? லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர், நான் கேள்வியைப் பாதிதான் கேட்டிருப்பேன், சிறிய கசிவுதான் என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பின்னால் இருமல். எதிர்வீட்டில் ஒரு இளம்பெண், கையில் மாவு, திரும்பினர் என்ற இடத்தில் அவளுக்கே இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினாள், கண் கலங்கியது, அடக்கி முடித்து விட்ட இடத்திலிருந்து சரியாக எடுத்துச் சொல்லி முடித்தாள். பச்சை. என் விரல் தானாகத் தொடுகிறது. சம்பவம் நடந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அமோனியா வாசனை எப்போதோ போயிருக்கும், ஆனாலும் மூக்கின் அடியில் ஏதோ உறுத்துகிறது, சுவர்ப் பக்கம் காற்று திரும்பினால் வருகிறது, இல்லை, அது இறால் ஓட்டு நாற்றம், இல்லை, பயம், எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி, பயந்தால் தொண்டைதான் முதலில் பிடிக்கும். செருமினேன். என் செருமலுக்குப் பதில் சொல்வதைப் போல அடுத்த வீட்டில் ஒருவர் இருமினார், அதற்கடுத்த வீட்டில் ஒருவர், அப்படியே தெருக்கோடி வரைக்கும் போய் நின்றது.

அனைவரும் நலம். இந்த அனைவரும் நலம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் பிடிபடுகிறது, பம்பாயில் இருந்த பெரியப்பாவின் இன்லண்ட் லெட்டர், இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல், எல்லாக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும், பெரியம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த மாதத்திலும் அப்படித்தான் தொடங்கியது, பெரியப்பா இறந்து நாங்கள் பம்பாய் போய்க் காரியம் முடித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் காலடியில் ஒரு கடிதம், அவர் கையெழுத்து, இங்கு அனைவரும் நலம். அம்மா அதை எடுத்துப் படித்துவிட்டு மெதுவாகத் தரையிலேயே வைத்தாள், சுட்டுவிட்டதைப் போல. நான் அப்போது ஐந்தாவதோ ஆறாவதோ. அது பொய் இல்லை, எழுதும்போது அவர் நன்றாகத்தான் இருந்தார், எழுதியது சரி, வந்து சேர்ந்த நேரம்தான் தப்பு என்று அப்பா எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தது, ஆனால் பல நாள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போகாமல் பின்பக்கமாகவே வெளியே போய் வந்தேன். போன் அடித்தது. ராகவேந்திரன் சார். "எப்படிப் போகுது?" என்றார். எல்லாரும் சொல்கிறார்கள் சார் என்றேன். "நம்ம வாக்கியத்தையா? அப்படியேவா?" அப்படியே. "அடடா," என்று சிரித்தார், "இது போதும் ரேணுகா, இதைவிட என்ன வேணும் அந்த ஆளுக்கு? முடிச்சுட்டுக் கிளம்பு." சார், இருமுறாங்க என்றேன். "என்னது?" ஒன்றுமில்லை, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? லைன் நன்றாகத்தான் இருந்தது.

கடைசி வீட்டில் யாரும் வாசலுக்கு வரவில்லை. கதவு முழுக்கத் திறந்திருந்தது, படியில் ஒரு அம்மாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. பக்கத்து வீட்டுப் பெண் அவசரமாக வெளியே வந்து, "யக்கா, அங்க வேண்டாம், அது லூர்தம்மாள், அவுகளுக்கு மேலுக்குச் சரியில்ல" என்று என்னைத் தடுத்தாள். "ஸ்டெல்லா, வரட்டும்" என்றாள் அந்த அம்மாள், தலையை நிமிர்த்தாமல். "எல்லார்கிட்டயும் கேட்டாவல்ல, என்கிட்டயும் கேக்கட்டும்." நான் படியில் உட்கார்ந்தேன், கால் வலித்தது, கேள்வியைக் கேட்டேன், கடல்முத்து கம்பெனியில் நடந்தது பற்றி என்ன கேள்விப்பட்டீர்கள். எனக்கு அந்த வாக்கியம் வந்துவிடக் கூடாதே என்று இருந்தது, ஏன் என்று தெரியவில்லை, இவள் வாயில் மட்டும் வந்துவிடக் கூடாது, ஆனால் அவள் கீரைக் காம்பைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களைப் போல முதுகை நிமிர்த்தாமல், ஜெபம் சொல்வதைப் போல நிதானமாக, அனைவரும் நலமாக வீடு திரும்பினர் என்றாள். பிறகு, "அது மெய்தான்" என்றாள். மற்ற யாரும் இதைச் சொல்லவில்லை. "எம் மவ அமலி அன்னிக்கு ஷிப்டுல இருந்தா. நடந்துதான் வந்தா. கண்ணு செவசெவன்னு இருந்துது, வேற ஒண்ணும் இல்ல. மீன் கொழம்பு வச்சிருந்தேன், சாப்பிட்டா, இன்னும் கொஞ்சம் ஊத்தும்மான்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. பேப்பர்ல போட்டது மெய்தான். நான் படிக்கச் சொல்லிக் கேட்டேன்." நான் ம் என்றேன். போனில் விரல் இருந்தது, தொடவில்லை. "பேப்பர்ல எழுதுனவுக யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அந்த நொடியில் எத்தனையோ பதில்கள் வந்தன, அதற்குத்தானே எனக்குச் சம்பளம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமலே பதில் சொன்னதைப் போல நகர்ந்துவிட எனக்குத் தெரியும், எத்தனை பேருக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன், ஆனால் நான்தான் என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரலாகக் கேட்டது. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். லூர்தம்மாள் முதன்முறையாக என்னைப் பார்த்தாள், கோபம் இல்லை, கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன், ரொம்ப நாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டதைப் போலப் பார்த்தாள். "நீங்கதானா," என்றாள். "வீட்டுக்கு வந்துட்டாவ வரைக்கும் எழுதியிருக்கீய. பெறகு எழுதலியே?" எனக்குப் புரியவில்லை. "விடியக்காலம் இருமிக்கிட்டே எந்திரிச்சா. மூச்சு இழுக்குதும்மா, நெஞ்சு எரியுதும்மான்னா. வாயில நொரையா வந்துது. ஆட்டோ வர்றதுக்குள்ள என் மடியிலயே போயிட்டா. அதை எப்ப எழுதுவீயன்னு நானும் தெனம் பேப்பர் வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேக்கேன். இன்னும் வரல. சோலி கூடுதலா இருக்கும் போலன்னு நெனச்சேன்."

கடல் சத்தம் நின்றுவிட்டது என்று நினைத்தேன், நிற்கவில்லை, எனக்குத்தான் காது அடைத்துவிட்டது. அமலிக்கு இருபத்திரண்டு வயதாம். கம்பெனி ஆட்கள் அன்றைக்கே வந்து அது வேறு நோய், கசிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவள்தான் நன்றாக வீட்டுக்கு வந்துவிட்டாளே என்றார்களாம். ஸ்டெல்லாதான் சொன்னாள், பேசாமல் இருந்து இருந்து தொண்டை வறண்டவளைப் போல மடமடவென்று, "வீடு வீடா வந்து சொல்லிக் குடுத்தாவக்கா, யாரு கேட்டாலும் இந்தா இதைத்தான் சொல்லணும்னு, மாத்திச் சொன்னா எறா உரிக்கிற ஷெட்டை மூடிருவோம், பெறகு ஒருத்திக்கும் சோலி கிடையாதுன்னு. நானும் அன்னிக்கு ஷிப்டுதான். படுத்தா மூச்சு முட்டுது, ராத்திரி உக்காந்துட்டேதான் தூங்குறேன். இந்தத் தெருவுல பாதிப் பேரு அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன ஆச்சுன்னு கேப்பாவல்லா? அதான் யாரும் போகல." நான் எழுதியதில் பொய் இல்லை, அதுதான் என்னை விடவில்லை, எங்கேயாவது ஒரு பொய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பு என்று அழலாம், அமலி வீடு திரும்பினாள், நலமாகத்தான், நடந்துதான், கொழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டாள், நான் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தேன், அவ்வளவுதான், அந்தப் புள்ளியில் தெருவே நின்றுவிட்டது, அதைத் தாண்டி யாராலும் வாய்விட்டு இருமக்கூட முடியவில்லை, ஆறு வாரமாக இந்த அம்மாள் அந்தப் புள்ளிக்கு அடுத்த வரிக்காக இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். இதற்குத்தான் மதிப்புக் கேட்கிறார் அந்த டைரக்டர். இதைத்தான் நான் பச்சை பச்சையாகத் தொட்டுக்கொண்டே வந்தேன்.

கிளம்பிவிடலாம் என்று ஒரு மனது சொன்னது, மறைப்பானேன், கிளம்பி பஸ் ஏறினால் காலையில் சென்னை, வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், ராகவேந்திரன் சார் நல்ல மனுஷர், என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே நின்றவர், அவருக்கு எப்படி இதைச் செய்வது, தவிர நான் ஒருத்தி சொல்லி என்ன ஆகப்போகிறது, யோசித்துப் பார்த்தால் ஒரு டாக்டர் சொல்லாமல் இது எதற்கும் ஆதாரம் இல்லை, அமோனியா நுரையீரலில் போய் மணிக்கணக்கு கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்று எங்கேயோ படித்திருக்கிறேனா இல்லை இப்போது நானே கற்பனை செய்கிறேனா, இப்படி மனது சுற்றிச் சுற்றி வந்து அதே படியில் வந்து மோதியது, லூர்தம்மாள் கீரையை மறுபடி கையில் எடுத்திருந்தாள், என்னை அவசரப்படுத்தவில்லை, காத்திருந்து பழகியவள். ஸ்டெல்லா இருமினாள். இந்த முறை அடக்கவில்லை, சுவரைப் பிடித்துக் குனிந்து நெடுநேரம் இருமினாள், அவள் நிமிர்ந்தபோது உதடு நீலமாக இருந்தது. நான் போனில் அந்தப் பச்சைக் கட்டங்களை மூடினேன். தேவசகாயத்தின் நம்பரைத் தேடினேன், இந்த மாவட்டத்துச் செய்தியாளர், என் பத்தியை அன்றைக்கு அப்படியே போட்டவர், வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறவர்.

"சொல்லுங்க மேடம், ஏதும் பிரஸ் நோட்டா?" என்றார். கடல்முத்து செய்தி ஒன்று பாதியில் நிற்கிறது, மீதியைச் சொல்கிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க அவங்க ஆளு. தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்றார். தெரிந்துதான். இந்தத் தெருவில் இன்னும் பல பேருக்கு மூச்சுத் திணறுகிறது, பயந்துகொண்டு யாரும் ஆஸ்பத்திரி போகவில்லை, முதலில் ஒரு ஆம்புலன்ஸ் சொல்லுங்கள், பிறகு நீங்களே வந்து பாருங்கள் என்றேன். "ஆம்புலன்ஸ் சொல்லுதேன். கலெக்டர் ஆபீஸுக்கும் சொல்லுதேன். ஆனா செய்தியில யாரு சொன்னதா போட? கம்பெனி மறுக்கும். ஒங்க பேரைப் போட்டா ஒங்களுக்கு வேலை போயிரும்." போடுங்கள், ரேணுகா, அந்த வாக்கியத்தை எழுதியவள் என்றே போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னேன், சொல்லும்போது தொண்டை பிடிக்கவில்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் லூர்தம்மாள் மடியிலிருந்த கீரையை உதறிவிட்டு எழுந்து என் முன்னால் கையை நீட்டினாள். "ஒங்க பேரு இருக்கட்டும். அமலி எம் மவ. குடுங்க, நான் பேசுதேன்."

போனைக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள், யாரும் இவள் பேசுவதைத் தடுக்கவில்லை, லுங்கி கட்டிய பெரியவர் மட்டும் கம்பெனிச் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "என்னய்யா, கேக்குதா?" என்று உரக்கக் கேட்டாள் லூர்தம்மாள். "நான் கம்பெனித் தெருவுலேருந்து பேசுதேன். எம் மவ பேரு அமலி. எறா உரிக்கிற சோலி. நல்ல பிள்ள, சிரிச்சா இந்தத் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். எழுதிக்கிடுறீரா? மெதுவாச் சொல்லட்டா?"